விமலகுமாரி அக்காவின் இருபத்தெட்டு

காலை ஆறு பத்துக்கு விமலகுமாரி அக்கா லாக்டோமீட்டரைப் பாலுக்குள் விட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் உலகத்தில் பாதிப் பேர் தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். எங்கள் காரோட்டிலிருந்து காஷ்மீர் வரைக்கும் பொய்யைப் பிடிக்க அவரைப் போல் ஆள் கிடையாது. போலீஸ் நாய்களே அவரிடம் ட்யூஷனுக்கு வரக் காத்திருக்கின்றன. மீதிப் பாதிப் பேர் சங்கத்தில் பால் ஊற்றுவதில்லை, அதனால் தப்பித்தார்கள்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக அவர்தான் பாலைச் சோதிக்கிறார். மிதக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் இருபத்தெட்டு காட்டினால் நல்ல பால். தண்ணீர் சேரச் சேர எண் இறங்கும். பேனா எப்போதும் இடது காதில். அவசரப்படுத்தினால், "குழாயப் பாலுல முக்காம ஒரு நம்பரும் எழுதப்பிடாது மக்கா" என்பார், தலைவரிடமும்.

ஒருமுறை தேங்காய்ப்பாலைக் கொண்டுபோய் நீட்டினேன். முகம் மாறாமல் முக்கினார். "உனக்க மாடு தெங்குல ஏறுமாலே?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் எனக்கு ஒரு கிண்ணம் மீன்குழம்பு வந்தது.

இந்த மாதம் புஷ்பபாய் மாமியின் பால்தான் பேச்சு. மாமிக்கு இருப்பது ஒரே மாடு. முட்டுவலி என்பதால் பாலை நான் கொண்டுபோகிறேன். ஞாயிறு மட்டும் அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவதால் மாமியே நொண்டி நொண்டி வருவார். நோட்டில் இரண்டு வாரமாக எண் இறங்குகிறது: இருபத்தேழு, இருபத்தாறு, வியாழக்கிழமை இருபத்துநான்கு. ஞாயிறுகளில் மட்டும் இருபத்தெட்டு.

"வெள்ளமாக்கும்," என்று தண்ணீர்க் குழாயைக் காட்டினார் தலைவர் பொன்னுதாஸ். "ஞாயிறு கமிட்டி இருக்கும்லா, அந்தப் பயத்துல நல்லத கொண்டாறா. நாளைக்கும் இறங்கினா அவளுக்க பாலு எடுக்காண்டாம்."

மாட்டுக்கு ஊசி போடும் ராபின்சன் ஒத்துக்கொள்ளவில்லை. "மழப்புல்லு தின்னா இப்பிடித்தான். ரெண்டு ஞாயிறும் வெயிலு அடிச்சுதே, பாக்கலியா?"

மாமியிடம் போய்ச் சொன்னால், "கன்னுக்குட்டிய வித்த துக்கம் அதுக்கு. ஞாயிறு நான் செபம் பண்ணியாக்கும் கறக்கது" என்று கண்ணைத் துடைத்தார். பால் நின்றால் மாமிக்கு மாத்திரையும் நின்றுவிடும்.

சங்கத்தில் அக்கா நோட்டை விரித்து வைத்திருந்தார். நகத்தால் அந்த எண்களை மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தார். நான் தூக்குவாளியின் மூடியை மிகவும் கவனமாகத் துடைத்தேன்.

எல்லோரும் போனபின் கூப்பிட்டார்.

"எலே, வெள்ளம் ஊத்தி விக்கவ தெனமும் ஒரே அளவுதான் ஊத்துவா. திருடிக் குடிக்கவனுக்கும் வயிறு ஒண்ணுதான். இது நாளுக்கு நாள் கூடுதல் குடிக்குது. வளருத சாதியாக்கும்." நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "எத்தற குட்டி?"

"நாலு," என்றேன். லாரியில் அடிபட்டுச் செத்த நாயின் குட்டிகள், செங்கல் சூளைக்குப் பின்னால். அவற்றுக்கு ஊற்றியது போக, குறைந்ததைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பியது நான்தான்.

"ஞாயித்துக்கெழம பட்டினியா?"

"ஆப்பம்."

சோதித்து மிஞ்சிய பாலை, அவருடைய சாயாவுக்கு வைத்திருந்ததை, ஒரு குப்பியில் ஊற்றி என் கையில் வைத்தார். பிறகு காதிலிருந்த பேனாவை எடுத்து, நாளைய பக்கத்தைத் திருப்பி, புஷ்பபாய் என்ற பெயருக்கு நேரே, எதையும் முக்காமல், இருபத்தெட்டு என்று எழுதினார்.