கருப்பர் கோயில் கறியும் ஒரு நாயின் குடலும்

நாய்க்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று மதராசில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நாயைக் கொண்டுவருகிறவர் பொய் சொல்வார் என்பதுதான் அது. மாட்டுக்காரர் அப்படியில்லை. மாடு என்ன தின்றது, எப்போது அசைபோடுவதை நிறுத்தியது, சாணி என்ன நிறம் என்று நாம் வாயைத் திறப்பதற்குள் ஒப்பித்துவிடுவார். நாய்க்காரரோ, அது பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அறியாத உத்தமப் பிராணி என்றுதான் ஆரம்பிப்பார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், அரிமளம் பக்கத்தில் எனக்கு முதல் உத்தியோகம். மாட்டாஸ்பத்திரி என்று பெயர். இரண்டு அறை, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம், ஒரு கம்பவுண்டர். கம்பவுண்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைவிட எல்லாம் நன்றாகத் தெரிந்தவர். என்னைச் 'சார்' என்று கூப்பிடுவதில் மட்டும் ஒரு குறையும் வைக்கமாட்டார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சட்டைப்பையில் தெர்மாமீட்டர், மூக்குக்கு மேல் கோபம், இரண்டும்தான் என்னிடம் இருந்த ஆயுதங்கள்.

கல்லூரியில் நாய்ப் பாடம் என்பது துரைமார் வீட்டு நாய்களுக்கான பாடம். ஒரு துரைசானியின் நாய் ரப்பர் பந்தை விழுங்கிக் குடலடைத்துப்போய், பேராசிரியர் வயிற்றைத் திறந்து பந்தை எடுத்தார். முப்பது பேருக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நானும் பார்த்தேன். நான் பார்த்தது பெரும்பாலும் எனக்கு முன்னால் நின்றவனின் பிடரியைத்தான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, குடலடைப்பில் எனக்குத் தெரியாதது இல்லை என்று வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மானாவாரிக் காட்டில் கடலை போடுகிற ஒரு குடியானவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். வண்டிக்குள் வைக்கோல் மேல் ஒரு செவலை நாய். முயலுக்குப் போகிற நாய், நீளக் கால், ஒட்டிய வயிறு. அந்த வயிறு அன்றைக்கு ஒட்டியிருக்கவில்லை. இறக்கிவிட்டதும் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, யாரையோ கும்பிடுவதுபோல் நின்றது. வயிற்றுவலி தாங்காத நாய் அப்படித்தான் நிற்கும்.

இரண்டு நாளாக வாந்தி. தண்ணீரை ஆசையாகக் குடிக்கிறது, குடித்த வேகத்தில் கக்குகிறது. வெளிக்கே போகவில்லை. குழந்தைகளுக்குக் குடல் தட்டுகிற கிழவி ஒருத்தியிடம் காட்டியிருக்கிறார்கள். அவள் விளக்கெண்ணெயைத் தொட்டு வயிற்றை நீவிப் பார்த்துவிட்டு, உள்ளே முடிச்சு மாதிரி ஒன்று ஓடுகிறது, இது என் கைக்கு அடங்காது என்று சொல்லிவிட்டாளாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். எண்ணெய்க் கையால் நோய் கண்டுபிடிக்க முடியுமென்றால் சமஸ்தானம் எனக்கு எதற்குச் சம்பளம் தருகிறது என்று கேட்டேன். கம்பவுண்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறைப்படி எல்லாம் செய்தேன். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஈறு காய்ந்து பிசுபிசுத்தது. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் மடிந்தது மடிந்தபடி நின்றது, உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம். வயிற்றை அமுக்கினேன். நாய் வீறிட்டு வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொண்டது. எனக்கு ஒரு முடிச்சும் தட்டுப்படவில்லை. என் கைக்குத் தட்டுப்படாதது அங்கே இருக்க முடியாது என்று முடிவு கட்டினேன்.

என்ன தின்றது என்று கேட்டேன். கஞ்சிதான் என்றார் குடியானவர். வேறு எதையும் தொடாதாம். இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். எலும்பு, மாங்கொட்டை, கயிறு, சாக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. உள்ளதை மறைத்தால் வைத்தியம் பலிக்காது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். என் பிரசங்கத்தில் எனக்கே மிகவும் திருப்தி.

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. ஐந்து மாதக் கர்ப்பம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கியது என்று கம்பவுண்டர் எப்படியோ அதற்குள் விசாரித்து வைத்திருந்தார். அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டே, "இந்த நாயி போச்சுன்னா என் வயித்துல இருக்கறதும் தங்காதுங்க டாக்டரய்யா" என்றாள். புருஷன் அவளை அதட்டினார். நானும் என் பங்குக்கு, நாய்க் குடலுக்கும் உன் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், மூடத்தனம் என்று கடிந்துகொண்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் அது என் இலாகா இல்லை என்று விட்டுவிட்டேன்.

குடலடைப்பு என்று சந்தேகம் வந்தால் பேதிக்குக் கொடுக்கவே கூடாது. முன்னே வழியில்லாத குடலைப் பின்னாலிருந்து நெட்டினால் கிழியும். இது எனக்கு மனப்பாடம். ஆனால் அடைப்பதற்கு ஒன்றை விழுங்கியிருக்க வேண்டுமே? இந்த நாய்தான் கஞ்சி தவிர எதையும் அறியாத நாயாயிற்றே. ஆகவே இது மலச்சிக்கலும் வாயுவும்தான் என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு அவுன்சு விளக்கெண்ணெய் புகட்டச் சொன்னேன். ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாமே சார் என்று கம்பவுண்டர் மெல்ல இழுத்தார். டாக்டர் நீரா, நானா என்று கேட்டேன். அவர் புகட்டினார்.

மறுநாள் அதே வண்டி வந்தது. இப்போது நாயால் நிற்க முடியவில்லை. வாந்தி மஞ்சளிலிருந்து பழுப்பாகி, மலநாற்றம் அடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. குடியானவர் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண் என் அருகே வந்தாள்.

"சாமி கறிங்க" என்றாள். "எனக்கு ஆசையா இருக்குன்னு அவரு கொண்டாந்தாரு. கறிய நான் தின்னேன். கட்டியாந்த துணிய அது தின்னுருச்சு."

அந்த ஊர்க் கருப்பர் கோயிலில் கிடா வெட்டுகிறபோது ஆம்பிளைகள் மட்டும்தான் போவார்கள். அங்கேயே வெட்டி, அங்கேயே சமைத்து, அங்கேயே தின்றுவிட வேண்டும். மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைப்பார்கள். ஒரு துண்டுக் கறி எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது, பெண்கள் வாயில் படக்கூடாது. பிள்ளை தங்கியதற்காக இவர்களே நேர்ந்துவிட்ட கிடா அது. பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு அதில் பங்கில்லை. மசக்கைக்காரி ஆசைப்பட்டுவிட்டாள் என்று மனுஷர் தன் துண்டைக் கிழித்து, கறியை அதில் முடிந்து, மடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். குழம்பு ஊறிய துணியை அவள் எரிப்பதற்குள் நாய் முந்திக்கொண்டது. சாமி நாயிடமிருந்து ஆரம்பித்திருக்கிறது, அடுத்தது தன் வயிறுதான் என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தால் ஊர் தள்ளிவைக்கும் என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். இவர்களுக்கு நடுவில் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வயிற்றுக்குள் படம் பிடித்துக் காட்டுகிற யந்திரம் மதராசில் இருந்தது, அரிமளத்துக்கு வருகிற உத்தேசம் அதற்கில்லை. வெந்நீரில் உப்புக் கரைத்து ஆறவைத்து நாயின் தோலுக்கடியில் ஏற்றினேன். என் ஆபீஸ் மேஜைதான் ஆபரேஷன் மேஜை. கத்தி, தைக்கிற நரம்பு, ஊசி எல்லாம் காளைமாட்டின் அளவுக்கு வாங்கியவை. கம்பவுண்டர் துணிக் கூம்பில் குளோரோபாரம் சொட்டுச் சொட்டாக விட்டார்.

திறந்து பார்த்தால், குடல் சுருக்குப்பையின் வாய்போலக் கொசுவிக் கிடந்தது. துணியின் ஒரு முனை மேலே சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழே இழுத்து இழுத்துத் தன்னையே சுருக்கிக்கொண்டிருக்கிறது. கிழவியின் முடிச்சு அதுதான். விளக்கெண்ணெய் அந்த இழுப்பை இன்னும் முடுக்கிவிட்டிருந்தது. ஓரிடத்தில் குடல் கறுத்து அழுகத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு இரு முனையையும் ஒட்டவேண்டும் என்று தெரியும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. துணியை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்தேன்.

சிவப்புக்கரை போட்ட துண்டுத் துணி, முழ நீளம், மசாலா வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் மாடு கொண்டுவந்த நாலைந்து பேர் எட்டிப் பார்த்து, என்ன வந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் கம்பவுண்டர், "சாக்குத் துண்டு" என்று சொல்லி, அதை அப்படியே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அவருக்கு அந்த விஷயம் எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

நாயைக் கொட்டகையில் வைத்துக்கொண்டோம். மறுநாள் நாக்கை நனைத்துத் தண்ணீர் குடித்தது. என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டியது. நான் கம்பவுண்டரிடம் குடலடைப்பைப் பற்றி ஒருமணி நேரம் பேசினேன். அதற்கு அடுத்த நாள் உச்சிவேளையில் நாய் செத்துப்போயிற்று. பாதிக் கொலை துணி செய்தது, மீதி நான் செய்தேன். இதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் வேறுமாதிரிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மாலையில் குடியானவர் தனியாக வந்தார். என் தவறையும் சேர்த்தே அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்டச் செத்துச்சுன்னு சொன்னா தாங்க மாட்டாளுங்க. பெத்துப் பொழைக்கிற வரைக்கும் நாயி இங்கிட்டுத்தான் இருக்குன்னு சொல்லிப்புடுவோம்" என்றார். உள்ளதை மறைக்கக்கூடாது என்று பிரசங்கம் செய்த அதே இடத்தில் நின்று சரி என்றேன். அவளைப் பார்த்தால் நாய் துள்ளும், துள்ளினால் தையல் பிரியும், ஆகையால் அவள் வரவே கூடாது என்று வைத்தியக் காரணமும் கற்பித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் தூக்குப்போணியில் நாய்க்குக் கஞ்சி வரும், வாசனைக்குக் கருவாடு போட்டு. கொண்டுவருகிற புருஷனுக்கு நான் நாயின் யோகக்ஷேமம் சொல்லியாக வேண்டும், அவர் போய் அவளிடம் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் நடந்தது, இந்த வாரம் குரைத்தது, ஒரு கோழியைத் துரத்தியது. உயிரோடிருந்த எந்தப் பிராணியைப் பற்றியும் அவ்வளவு விவரமாக நான் கேஸ் புஸ்தகத்தில் எழுதியதில்லை. கம்பவுண்டர் தன் பங்குக்கு, அது தாசில்தாரைப் பார்த்து உறுமியதாகச் சேர்த்துவிட்டார். கஞ்சியைக் கீழே கொட்ட மனம் வராமல், கொட்டகைப் பக்கம் திரிந்த ஒரு செவலைத் தெருநாய்க்கு வைத்தோம். போணி கழுவினதுபோல் காலியாகத் திரும்பிப் போகும்.

பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். இனிச் சொல்லிவிடலாமே என்றேன். பால் கொடுக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று அவர் நாள் கடத்தினார். எனக்கும் கடத்துவது சௌகரியமாக இருந்தது. ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வண்டி வந்து நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இறங்கினாள், கையில் போணி. பின்னால் அவர் முகம் செத்துக்கிடந்தது. நான் ஒரு பொய்யை யோசிப்பதற்குள், போணியைக் கண்ட தெருநாய் வாலைச் சுழற்றிக்கொண்டு அவளிடம் ஓடிவந்துவிட்டது. நிறம் அதேதான். இதுவே போதும், பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். நான் அதுவரை கன்றுக்குட்டியைத்தான் ஏந்தியிருக்கிறேன். அவள் குந்தி உட்கார்ந்து, நாயை மல்லாக்கப் புரட்டி, வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையாலேயே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்ட வயிறு, அங்கே ஒரு கீறல்கூட இல்லாமல் மழமழவென்று இருந்தது. புருஷனும் பார்த்துவிட்டார்.

"தையல் போட்ட தடமே தெரியலைங்க டாக்டரய்யா" என்றாள், அவர் காதில் விழும்படி. "ஒங்க கை அப்புடி."

என் உத்தியோக காலம் முழுவதிலும் என் ஆபரேஷனை ஒருவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான். புருஷனுக்கு உயிர் திரும்பி வந்தது. நாயைக் கயிற்றில் கட்டி வண்டியண்டை கூட்டிப்போனார். அவள் குழந்தையை வாங்கிக்கொள்ள என் பக்கம் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அத எங்கிட்டுப் பொதச்சீங்க?" என்று கேட்டாள்.

கொட்டகைக்குப் பின்னால், புங்கமரத்தடியில் என்றேன். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எங்க நாயி கருவாடு இல்லாத கஞ்சியத் தொடாதுங்க. ஒரு வாரம் போடாம அனுப்புனேன். போணி காலியா வந்துச்சு. எனக்கு அப்ப ஆறு மாசம்" என்றாள். "அவருகிட்டச் சொல்லிறாதீங்க. நான் நம்புறேன்னு நெனச்சுத்தான் மனுசன் இத்தன நாளும் சோறு தின்னுருக்காரு."