தானாக ஒட்டும் ரப்பர்

காசிமேட்டில் விசைப்படகின் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி என் அண்ணனின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே துண்டாகிப் போயிற்று. அப்போது நான் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத கார்பன் குழல்கள் கலந்த ரப்பர் தாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அதில் மின்சாரம் ஓடும். வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்தினால் தானாக ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் மறுபடி ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துத் திருவொற்றியூர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் பிளேடால் அதை அறுத்தான். நான் சேர்த்து அழுத்தினேன். அரைமணி நேரத்தில், கோத்து வைத்திருந்த சின்ன பல்பு எரிந்தது.

"பாப்பா, இத்தத் தோல் மாரி ஒரு கைக்குப் போட்டா, தொட்றது எனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா. ரெண்டு வருசம் பொறுத்துக்கோ."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்தான். விரல் அசையும் செயற்கைக் கைக்கு அளவெடுக்க மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. "என் தங்கச்சி செஞ்சிகினு கீது. அந்தக் கட்டக் கை எனுக்கு எதுக்கு?"

குளிரூட்டிய ஆய்வகத்தில் ஒட்டிய தாள், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாரம் கிடந்தபின் ஒட்டவில்லை. கடற்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, ஒட்டவேண்டிய இடங்களைத் தானே பிடித்துக்கொண்டது. ஈரம் புகாதபடி கலவையை மாற்றினால் ஒட்டும் குணமே போனது. மூன்று வருடம் இதே கதை. "உலர்ந்த சூழலில் மட்டும் ஒட்டும் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதி முடித்துவிடுங்கள்" என்றார் என் வழிகாட்டி. எழுதினேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "வுடு பாப்பா. நீ இன்னா பண்ணுவே" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருத்துவமனைக்கு நானே அழைத்துப்போனேன். டாக்டர் அவன் முன்கையை அமுக்கிப் பார்த்தார்.

"தசையெல்லாம் சூம்பிப்போச்சே. அப்பவே வந்திருக்கலாமே? தசையை வச்சு விரல் அசையிற கை இனிமே சரிப்படாது. பார்வைக்கு வேணா ஒண்ணு மாட்டிக்கலாம்."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. அவனிடம் அம்மாதான் சொன்னாள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லா இர்க்கட்டும்" என்றான்.