ஐப்பசி இடியும் அதிர்ச்சி அலையும்

கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தேன். ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றில் அதிர்ச்சி அலை உருவாகும். சுவரை ஒட்டி மெதுவாக ஊரும் மெல்லிய காற்றுக்கு எல்லைப் படலம் என்று பெயர். அலை வந்து மோதினால் அந்தப் படலம் சுவரைவிட்டு எழும்பிக் கொப்புளமாக நிற்கும். அதன் அளவைக் கணினியில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் ஆராய்ச்சி, அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

கடைசிக் கணக்கை ஐப்பசியில் வீட்டுக் கணினியில் ஓடவிட்டேன். ஒரு வாரத்துக்கும் மேலாக முன்னறையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வேடு கொடுக்கவேண்டிய கெடு வேறு நெருங்கிவிட்டது. கணினியில் இடம் போதாததால், முடிவை மட்டும் சேமித்தால் போதும் என்று வைத்திருந்தேன்.

நான் கல்லூரியில் இருந்த ஒரு பிற்பகலில் பேச்சிப்பாறை மலைப் பக்கமிருந்து இடி வந்தது. எங்கள் ஊரில் முதல் இடிக்கே எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். போன வருஷம் டிவி கருகியதிலிருந்து என் மாமியாருக்கு அதில் கூடுதல் சுறுசுறுப்பு.

நான் வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது.

"பிளக்கை உருவுனதும் கீழ இருந்த பெட்டி கீ கீன்னு கத்திச்சு மக்கா. அதையும் அமத்திப் போட்டேன்," என்றார் மாமியார்.

அது மின்சாரம் போனாலும் கணினியை அணையாமல் காக்கும் யுபிஎஸ். ஒரு வார ஓட்டம் அத்தனையும் போயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒங்க டிவியும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சியளா?" என்று கத்தினேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

ஆய்வு வழிகாட்டியிடம் கெஞ்சிக் கெடுவை நீட்டினேன். பழைய கோப்புகளை அழித்து இடம் உண்டாக்கி, கணக்கை மறுபடி ஓடவிட்டு, இந்த முறை அவ்வப்போது படமாகச் சேமிக்கும்படி வைத்தேன். இப்போது இடி கேட்டால் மாமியார் பிளக்கைத் தொடவே மாட்டார். எனக்குப் போன் போட்டு, "நிறுத்தட்டா, வேண்டாமா?" என்று கேட்பார்.

கணக்கு முடிந்ததும் சேமித்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். கொப்புளம் ஒரே அளவில் நிற்கவே இல்லை. தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி உப்பியது, சுருங்கியது. அதிர்ச்சி அலையும் கூடவே முன்னும் பின்னும் ஆடியது. முதல் ஓட்டம் முடிந்திருந்தால் கடைசிப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு 'இதுதான் அளவு' என்று எழுதியிருப்பேன். வாய்மொழித் தேர்வில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

மாமியாரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினேன். "அத்தை, அன்னைக்கு நீங்க பிடுங்கல்லேன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அப்போ நான் ஒனக்க படிப்பைக் கெடுக்கல்ல, இல்லியா மக்கா?"