மூன்று மா நிலமும் இரண்டு வெளியூர்க் குடும்பங்களும்: திருவிடைமருதூர்ப் பக்கம் நான்கு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் போன பதிவின் கீழே நடந்த சண்டை. திருப்பூரில் என் வகுப்பில் படிக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு வாசகர், "வடக்கேயிருந்து வந்தவங்க எல்லாரும் ஒண்ணுதான் டீச்சர், நீங்கதான் சும்மா உருகுறீங்க" என்று எழுதியிருந்தார். மூன்று முறை பதில் எழுதி மூன்று முறையும் அழித்தேன். வாயாடுவதில் எனக்குக் குறைவில்லை, ஆனால் கையில் விவரம் இல்லாமல் வாயாடினால் என் மாணவர்களே விட மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் திருவிடைமருதூர்க்காரர். "எங்க ஊருக்குப் போய்ப் பாருங்க. மூணு தலைமுறையா இருக்கிற ராஜஸ்தான் குடும்பமும் இருக்கு, நடவுக்கு வர்ற வங்காளத்து ஆளுங்களும் இருக்காங்க" என்றார். காலாண்டு விடுமுறை தொடங்கிய வியாழக்கிழமை, நடுவில் கோடு போட்ட ஒரு நோட்டோடு கிளம்பிவிட்டேன். இடப்பக்கம் சேட்டு, வலப்பக்கம் வங்காளி. டீச்சர் புத்தி எங்கே போகும்?

காலை ஏழே முக்கால் வாக்கில் திருப்பூரில் ஜன சதாப்தி. உட்கார்ந்து போகும் இருக்கை, நூற்று எழுபது ரூபாய்ச் சொச்சம். சுமார் இருநூற்றெண்பது கிலோமீட்டரைக் கடந்து ஒரு மணிக்குள் கும்பகோணத்தில் இறக்கிவிட்டது. கரூர் வரை ஜன்னலில் புழுதி. தஞ்சாவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், சேறடிக்கும் டிராக்டர், பின்னாலேயே கொக்குகள். ரயிலடிக்குப் பக்கத்து லாட்ஜில் நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை போட்டேன். விசிறி சத்தம் போட்டாலும் குளியலறை சுத்தம். அங்கிருந்து திருவிடைமருதூர் ஒன்பது கிலோமீட்டர், பத்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ்.

கிஷோர் சேட்டின் கடை கடைத்தெருவில் இருக்கிறது. பம்பு, பிளாஸ்டிக் குழாய், வால்வு, நெல் மூடத் தார்ப்பாய். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. "வாங்க டீச்சர், உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்ட தமிழில் காவிரித் தண்ணீர் ஓடியது. ராஜஸ்தானில் உங்கள் சொந்த ஊர் எது என்று நான் கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"தாத்தா ஊரு பேரு சொல்லவா, என் ஊரு பேரு சொல்லவா? நான் பொறந்தது இந்தக் கடைக்கு மாடியில டீச்சர்."

வெட்கமாகப் போய்விட்டது. இடப்பக்கத்தில் எழுதினேன்: சொந்தக் கட்டடம். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இங்கேதான். இளைய மகன் சென்னையில் ஆடிட்டர் படிப்பு. பெண் எடுப்பது மட்டும் ராஜஸ்தானில். வந்த மருமகள் சீரியல் பார்த்தே தமிழ் கற்றுக்கொண்டு இப்போது மாமியாரைத் தமிழிலேயே எதிர்த்துப் பேசுகிறாள். இவ்வளவும் இருந்தும், ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு முதலில் அவரிடம் வருகிறவர்கள், கூட்டம் போடும்போது மட்டும் அவரைக் கூப்பிடுவதில்லையாம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் நிதாய் வந்தார். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. வங்காளத்திலிருந்து வரும் நடவுக் கோஷ்டியின் மேஸ்திரி. பேச்சுக்கு உதவட்டும் என்று நான் சேட்டை இந்தியில் கேட்கச் சொன்னேன். சேட்டு தட்டுத் தடுமாறி ஏதோ கேட்டார். நிதாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேட்டு, தமிழ்லயே பேசுங்க, எனக்கு இந்தி சரியா வராது" என்றார். நோட்டில் என் முதல் பாடம் அதுதான்.

நிதாய் வந்தது குழாய் வாங்க இல்லை, நிலத்துக்காரரிடம் தன் சங்கடத்தைச் சொல்ல. இந்த ஆண்டு அவர் முதன்முறையாகச் சொந்தமாகப் பயிர் வைக்கிறார். சேட்டு எப்போதோ வாங்கிப் போட்ட மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், வாய்வார்த்தையாகக் குத்தகை. ஐந்து வருடச் சேமிப்பும் மனைவி மாலதியின் வளையலும் விதையாகவும் உழவாகவும் அதில் இறங்கியிருந்தன. வாய்க்காலில் முறைத் தண்ணீர் ஒரு வாரம் தள்ளிப்போனதால் நடவும் தள்ளிப்போனது. அதற்குள் துர்கா பூஜை வந்துவிட்டது. சேட்டு கடை நாள்காட்டியில் ஆயுதபூஜையைப் பார்த்துக் கணக்குப் போட்ட நிதாய், தன் ஆட்கள் பூஜையின் முதல் நாளே வீட்டில் நிற்க வேண்டுமென்று ஆயுதபூஜைக்கு ஐந்து நாள் முன்னாலேயே ரயிலேறுவார்கள் என்பதை மறந்துவிட்டார். கோஷ்டி முழுக்கக் கிளம்பிவிட்டது. ஊரெல்லாம் நட்டுக் கொடுத்தவர் வயலில் நடுவதற்கு ஆளில்லை.

"நாத்துக்கு இன்னிக்கு முப்பத்தொரு நாள் ஆச்சு. முப்பத்தஞ்சு தாண்டினா கணு விட்டுடும், அப்புறம் மாட்டுக்குத்தான்" என்றார் நிதாய்.

அவர் போனதும் சேட்டிடம், உள்ளூர்க்காரர் யாருக்கும் கொடுக்காமல் இவருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சேட்டு கல்லாப் பெட்டியைத் துடைத்தபடியே சொன்னார். "இந்தப் பக்கம் குத்தகைன்னு பேரு பதிஞ்சுட்டா ஆள நெலத்தவிட்டு எழுப்ப முடியாது டீச்சர். எத்தனை கேசு நடந்திருக்கு! நிதாய்னா போயிடுவான். அதான்." இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் ஒருவர் பேசினால் கோபப்படவும் முடியவில்லை. முன்னால் வந்தவர் பின்னால் வந்தவரை நம்புவதற்குக் காரணம், பின்னால் வந்தவருக்கு இங்கே ஒரு பிடிமானமும் இல்லை என்பதுதான். அதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்து நான்கு கிலோமீட்டர் உள்ளே போனேன் (நூற்றிருபது ரூபாய், பேரம் பேசினால் நூறு). நிதாய் குடும்பம் பம்புசெட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு கேஸ் அடுப்பு, சுவரில் மகளின் மூன்றாம் வகுப்பு அட்டவணை, முழுக்கத் தமிழில். கோஷ்டி ஆட்கள் ஏக்கருக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசி, கயிறு பிடித்து நேர்க்கோட்டில் நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் மகளின் பள்ளிக்காகத் தங்கிவிட்டார். மாலதி எனக்கு மீன் குழம்பும் சோறும் போட்டார். கடுகெண்ணெய் வாசனை, என் ஆயுளில் சாப்பிட்ட நல்ல மீன் குழம்புகளில் ஒன்று.

உள்ளூரில் நடவுக்குப் பெண்கள் இருக்கிறார்களே என்றேன். நிதாய் தலை குனிந்துகொண்டார். "அவங்க வேலையத்தானே நாங்க எடுத்துக்கிட்டோம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" மாலதி அவரை ஒரு பார்வை பார்த்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் தமிழரசி வீட்டு வாசலில் நின்றோம். யோசனை மாலதியுடையது, தைரியம் என்னுடையது, நடுக்கம் நிதாயுடையது.

தமிழரசி அந்தத் தெருவின் நடவுப் பெண்களுக்குத் தலைவி. அறுபதை நெருங்கும் வயது. அவர் பிறந்தபோது இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு தமிழரசியோ தமிழ்ச்செல்வனோ இருந்திருப்பார்கள். அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டு வயலில் இறங்காமல் நின்ற பெண்களில் அவர் அம்மாவும் ஒருவர். நாற்காலி எடுத்து எனக்கு மட்டும் போட்டார்.

"அக்கா, நடவுக்கு ஆளு வேணும்" என்றார் நிதாய்.

"உங்க ஆளுங்க எங்க?"

"பூஜைக்குப் போயிட்டாங்க."

"மூணு வருஷமா எங்க வீட்டு அடுப்புக்கும் பூஜை லீவுதான் தம்பி. ஒரு போகத்துக்கு நாப்பது நாள் நடவு இருந்துச்சு எங்களுக்கு, இப்ப பத்து நாள். நீங்க நட முடியாம ஊருக்குப் போயிட்டா எங்களுக்கு நல்லதுதானே?"

தமிழரசி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மாலதிதான் பேசினார். "போனா அவங்க போவாங்க, திரும்ப வருவாங்க. என் பொண்ணு படிப்பு போயிடும் அக்கா. என் வளையல வித்துத்தான் வயலு வச்சோம், அது போனா நாங்க இங்க இருக்க முடியாது."

தமிழரசி மாலதியின் வெறும் கையைப் பார்த்தார். பிறகு, "யாரு நெலம்? சேட்டு நெலமா? எழுத்து இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் நிதாய். "எழுத்தில்லாமயா வளையல வித்து விட்டீங்க?" என்று மாலதியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அப்பாவும் ஏழு வருடம் வாய்வார்த்தைக் குத்தகையில் உழுதவராம். சட்டம் வந்து, உழுகிறவர் பெயரை எழுத ஆள் வந்தபோது, அவன் கூலிக்காரன் என்று மிராசுதார் சொல்லிவிட்டார். "ஊர்ல ஒருத்தர்கூட, இல்லீங்க, இவருதான் பயிர் வச்சாருன்னு சொல்லல. பயம். அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு நிதாயிடம் சொன்னார்: "நாளைக்கு நாத்து பறிங்க. ஞாயித்துக்கிழமை வர்றோம். ஆளுக்கு நானூறு, ஒரு பைசா குறையக் கூடாது. டீ, வடை உங்களோடது. கயிறு கியிறு வேணாம், எங்களுக்குக் கை இருக்கு."

சனிக்கிழமை அவர்கள் நாற்று பறித்தார்கள். நான் ஐந்து நிமிடம் முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகாலிங்கசுவாமி கோயிலுக்குப் போய்விட்டேன். பிராகாரங்களைச் சுற்றிவர நிதானமாக ஒரு மணி நேரம் வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள், முன்னதாகப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குப் பதினான்கு பெண்கள் வரப்பில் வரிசையாக வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க ஒன்றுமில்லை. சேட்டும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். இங்கே வடகிழக்கு மூலையில் மஞ்சள், குங்குமம் வைத்து முதல் முடியை, அதாவது முதல் நாற்றுக் கட்டை, நிலத்துக்கு உரியவர் வீட்டுக் கையால் நடுவது வழக்கம். சேட்டு செருப்பைக் கழற்றி, பேண்டை மடித்து, தயாராக நின்றார். தமிழரசி முடியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய் மாலதி கையில் கொடுத்தார்.

"நெலம் என்னுதும்மா" என்றார் சேட்டு, பாதி விளையாட்டாக.

"நெலம் உங்களுதுதான் சேட்டு, யாரு இல்லேன்னா? பயிர் இவங்களுது. பதினாலு பேரு பாத்துக்கிட்டு இருக்கோம்."

சேட்டு சிரித்தார், ஆனால் சாட்சிக்குத்தான் நிற்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மாலதி நட்டார், பெண்கள் குலவையிட்டார்கள். நிதாய் பழக்கதோஷத்தில் கயிற்றைத் தேட, ஒரு பெண் "மேஸ்திரி, கோணலா இருந்தாலும் நெல்லுதான் வெளையும்" என்று கலாய்த்தார். இரண்டரைக்கெல்லாம் மூன்று மாவும் பச்சையாகிவிட்டது. அவர்கள் வரிசையில் குனிந்து நட்ட நிதாய் எல்லோருக்கும் கடைசியாகக் கரையேறினார். நோட்டை நான் திறக்கவே இல்லை.

நீங்களும் போக நினைத்தால், சம்பா நடவு பார்க்கப் புரட்டாசிதான் நேரம். ரப்பர் செருப்பு போதும், ஷூ போட்டால் சேறு பிடித்து வைத்துக்கொள்ளும். வயல் பக்கம் கழிப்பறை கிடையாது. குனிந்து நடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாப்பாடு, அறை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து எனக்கு நான்கு நாளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்த வாசகருக்கு: எல்லாரும் ஒன்றில்லை ஐயா. ஒருவருக்கு வீடு, கடை, ஓட்டு எல்லாம் இருக்கிறது, ஊர்க் கூட்டத்தில் இடமில்லை. இன்னொருவருக்குத் தகரக் கொட்டகைதான், ஆனாலும் ஊர்ப் பெண்கள் பதினான்கு பேர் வயலில் இறங்கினார்கள். யார் நிலைமை மேல் என்று என்னைக் கேட்டால் எனக்கு மார்க் போடத் தெரியவில்லை.

இதை எழுதி வைத்து வெளியிடாமலே இருந்தேன். கார்த்திகையில் டெல்டாவில் பெருமழை. நேற்று சேட்டு போன் செய்தார்.

"டீச்சர், மூணு நாள் தண்ணி நின்னுச்சு, பாதிப் பயிர் அழுகிப்போச்சு. நிவாரணக் கணக்கெடுக்க வந்தாங்க. நெலம் யாருதுன்னு கேட்டாங்க, என்னுதுன்னேன். பயிர் யாருதுன்னு கேட்டாங்க. எதிர் வரப்புல பாத்தா பதினாலு பேரும் நிக்கிறாங்க. தமிழரசி வாயே திறக்கல டீச்சர். சும்மா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? நிதாய் பேரச் சொன்னேன். நிவாரணம் அவனுக்கே போகட்டும்னு ஒப்புதல் கடிதத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். என் பையன் போன்ல திட்டுறான்." அதோடு குரல் மாறியது. "திரும்பி வரும்போது சேத்துல கால் வழுக்கிடுச்சு. தமிழரசி ஓடி வந்து, பாத்து வாங்க சேட்டுன்னு கையப் பிடிச்சு ஏத்திவிட்டாங்க. ஐம்பத்தஞ்சு வருஷத்துல இந்த ஊர்ல எனக்கு யாரும் கை கொடுத்து வரப்பேத்தினதில்ல டீச்சர்."