திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

பெட்ரோனிலா வீட்டை விட்டு ஒரே தடவையில் கிளம்பி நன்சானா ஊரில் யாரும் பார்த்ததில்லை. கேட்டைத் திறப்பாள், நாலடி வைப்பாள், "ஐயோ, அடுப்பு!" என்று திரும்புவாள். மறுபடி வருவாள். "ஐயோ, சின்னவன் மருந்து!" அவள் சந்தைக்குப் போய் வருவதற்குள் அவள் செருப்பு பக்கத்து ஜில்லா வரை நடந்து முடித்திருக்கும். தெருப் பிள்ளைகள் அவளைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே திரும்புவாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஏரிக்குப் போக வேண்டும். கோவில் பெண்கள் சங்கத்தில் கிறிஸ்துமஸிலிருந்து சண்டை போட்டு, ஒருவழியாக ஏரிக்கரை ஊரான எண்டெபேக்கு ஒரு வேன் பிடித்திருந்தார்கள். ஏரியை அவள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் புருஷன் கயெம்பாவின் லாரியில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லாரி நிற்கவில்லை. அதற்கப்புறம் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அதுவும் நிற்கவில்லை. மூத்தவள் இம்மாவைக் கட்டிக்கொடுத்து, அவளே இப்போது மாசமாக இருக்கிறாள். அம்மாவின் கால் இன்னும் ஏரித் தண்ணீரில் பட்டபாடில்லை.

புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா செசிலியா வந்திருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் சேங்கா, அதாவது அப்பாவின் கூடப்பிறந்தவள். கல்யாணம், சம்பந்தம், மரியாதை, இவற்றிலெல்லாம் கடைசி வார்த்தை அவளுடையது. முதல் வார்த்தையையும் அவள் விட்டுக்கொடுப்பதில்லை.

வேன் காலையிலேயே வருவதாகச் சொல்லி வரவில்லை. பெட்ரோனிலா மட்டோக்கே வாழைக்காயை வாழையிலையில் பொதிந்து அடுப்பில் ஏற்றி, வேர்க்கடலைக் குழம்பு வைத்து, தோழி ரெஸ்டியிடம் இரவல் வாங்கிய பெரிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். பின்கட்டு சமையல் கொட்டகையில் சின்னவனை முதுகில் கட்டிக்கொண்டிருந்த செசிலியா, அந்தத் தொப்பி கேட்டைத் தாண்டுவதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பார்த்ததும் போனை எடுத்தாள்.

"மாப்பிள்ளை, அவ கிளம்பிட்டா. வாங்க."

இம்மாவின் புருஷன் செகித்தோ மின்சார வேலை செய்கிறவன்; ஏணியோடு பின்தெருவிலேயே நின்றிருந்தான். நடையில் இருக்கிற பல்பு ஈஸ்டரிலிருந்து எரியவில்லை என்று பெட்ரோனிலா மகளிடம் புலம்பியிருந்தாள். மகள் புருஷனிடம் சொன்னாள். அவன் மாமியார் வெளியே போகிற நாளுக்காகக் காத்திருந்தான். எங்கள் பக்கம் மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் நிற்க மாட்டார்கள். முகம் பார்க்க மாட்டார்கள். கை படவே கூடாது. பேசியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு சுவர் வேண்டும். மீறினால் கை நடுக்கம் வரும், சாகும்வரை போகாது. அதனால் ஏரிக்குப் போகிற நாள் நல்ல நாள் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். பெட்ரோனிலாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து வெளிச்சத்தைப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தார்கள்.

ஆனால் பெட்ரோனிலா நாலடி வைத்ததும், திங்கட்கிழமை போட வேண்டிய பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போடவில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பினாள். செருப்பை வாசலில் விட்டு, நடை வழியாகப் படுக்கையறைக்குள் போய், கதவுக்குப் பதிலாகத் தொங்கிய திரையை இழுத்துவிட்டுச் சட்டையைத் தேடினாள். அந்த நேரம் பார்த்து ஏணி ஒன்று டக் என்று நடையில் நின்றது.

"அப்பாடா, உள்ள என்ன புழுக்கம்!" என்றது ஓர் ஆண் குரல். சட்டையைக் கழற்றி உதறும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு ஆரம்பித்தது. கோவில் பாட்டுதான், ஆனால் ராகத்தைக் கோவிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

பெட்ரோனிலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு ஒரே வாசல், அதற்கு வழி அந்த நடைதான். ஜன்னலில் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பி இருந்தது. திருடன் இதுவரை வரவில்லை, அவள்தான் மாட்டிக்கொண்டாள். இருமிக் காட்டலாம். ஆனால் மேல்சட்டை இல்லாமல் மாமியாருக்குப் பத்தடியில் நின்று பாடிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால் அந்தப் பையன் இனி இந்தத் தெருப் பக்கமே வர மாட்டான். இம்மா பிரசவத்துக்குத் தாய்வீட்டு வாசல் மிதிப்பாளா என்பதும் சந்தேகம்.

ஜன்னலுக்கு வெளியே செசிலியா கரி எடுக்க வந்தாள்.

"அக்கா! ஸ்ஸ்! அக்கா!"

செசிலியா கையிலிருந்த கரியைக் கீழே போட்டாள். "அடிப்பாவி! நீ ஏரிக்குப் போகலை?"

"சட்டை எடுக்க வந்தேன்."

"சட்டை! உன்னைச் சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும் பாதி வழியில திரும்பி வந்து பாத்திரம் கழுவுவடி நீ. வாயைத் திறக்காதே. நான் பாத்துக்கறேன்."

அவள் முன்பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளை, வெளிய மரத்தடில வந்து உக்காருங்க. டீ போட்டிருக்கேன்."

"வேணாம் சேங்கா. அத்தை வர்றதுக்குள்ள முடிச்சிட்டு ஓடணும்."

"அவ வர பொழுது சாஞ்சிடும். வாங்க."

"அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பாதி வழியில திரும்பி வந்துட்டாங்கன்னா?"

திரைக்குப் பின்னால் பெட்ரோனிலா தொப்பியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அத்தை முகம்கூட எனக்குச் சரியாத் தெரியாது சேங்கா," என்று ஏணியிலிருந்து அவன் சொன்னான். "கல்யாணத்துல முட்டாக்கு மட்டும்தான் பாத்தேன். இருட்டுல சின்னவனைத் தூக்கிட்டு நடக்கும்போது தினம் ஒரு இடத்துல இடிச்சுக்கிறாங்களாம், இம்மா சொன்னா. அதான் ராத்திரி தூங்காம யோசிச்சேன்."

பெட்ரோனிலா தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். நகம் கறுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கால்விரலுக்காகத் தூக்கம் கெட்டவன் இவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தன் கையால் கொடுக்க முடியாது. அவள் இஸ்திரி போடாத சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது.

நடையில் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அப்போது வேன் வந்தது. ஹாரன் தெருவையே எழுப்பியது.

"இம்மாம்மா!" என்று, மூத்த மகள் பெயரை வைத்துக் கூப்பிட்டு, ரெஸ்டி கத்தினாள். "ஏறு! டிரைவர் கிளம்பணும்கறான்!"

செசிலியா கேட்டுக்கு ஓடினாள். "அவ முன்னாடியே போயிட்டாளே!"

"எங்க போயிட்டா? செருப்பு வாசல்ல கிடக்கு! இம்மாம்மா, உள்ள என்னடி பண்ற? இதை விட்டா அடுத்த வேன் அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான்!"

பாட்டு நின்றது.

ஏணியும் அசையவில்லை. பெட்ரோனிலாவுக்கு அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவனுக்கும் அவளுடையது கேட்டிருக்கும். அவன் வெளியே ஓட நினைத்திருந்தால் இறங்க வேண்டும், இறங்கினால் முகம் திரைக்கு நேராக வரும். அவனும்தான் மாட்டிக்கொண்டான்.

"சேங்கா," என்றான் அவன், ஊருக்கே கேட்கிற மாதிரி. "மேல ஒரு வயர் பாக்கணும். நான் கூரைக்குள்ள ஏறிடறேன். நேரமாகும். உள்ள ஒரே இருட்டு. எனக்கு எதுவுமே தெரியாது."

மேல்தட்டில் எலி பிடிக்க ஏறுவதற்கென்று ஒரு சதுர ஓட்டை இருந்தது. ஏணி கிறீச்சிட்டது. பெட்ரோனிலா திரையை ஒரு விரல் அளவு விலக்கியபோது அதில் இரண்டு கால்கள் தொங்கின, பிறகு அவையும் மறைந்தன.

அவள் படுக்கை விரிப்பை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டாள். நடையின் முக்கால்வாசியை ஏணி அடைத்திருந்தது. ஏணிக் கட்டையில் அவன் சட்டை தொங்கியது. மருமகனின் சட்டை பட்டாலும் மருமகன் பட்ட மாதிரிதான். அவள் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளே இழுத்தாள். அத்தனை பிள்ளை பெற்ற வயிறு சொன்னபடி கேட்கவில்லை. மூச்சை அடக்கி, தொப்பியை வயிற்றின்மேல் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக நகர்ந்தாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "கீழ யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தா, நல்லா இருக்கீங்களா?"

விரிப்புக்குள்ளிருந்து பெட்ரோனிலா சொன்னாள். "யாரும் இல்லை. நல்லா இருக்கோம். இம்மா நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. புளிப்பு மாங்கா கேட்டு உயிரை எடுக்கறா."

"உப்பு போடாம சாப்பிடச் சொல்லுங்க. யாரும் சொல்லலை, சும்மா சொல்றேன்."

அவள் வாசலைத் தாண்டினாள், செருப்பை மாட்டினாள், கேட்டைத் திறந்தாள். நாலடி வைத்தாள்.

பின்னால் மடார் என்று பலகை உடையும் சத்தம். "ஐயோ! கால்!" என்று வாசலில் எட்டிப் பார்த்த செசிலியா அலறினாள்.

பெட்ரோனிலாவின் பாதம் தானாகத் திரும்பியது. அது காலின் பழக்கம். வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டால் அவள் போவாள், வேறு யாரும் போக மாட்டார்கள் என்பது அந்தக் காலுக்குத் தெரியும். உள்ளே மேல்தட்டு உடைந்து ஒரு கால் நடைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் வருகிறதோ என்னவோ. விரிப்பைக் கிழித்துக் கட்டலாம். மஞ்சள்...

"ஒண்ணுமில்ல!" என்று கூரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு கீறல்கூட இல்ல! யாரும் திரும்பி வர வேணாம்! திரும்பி வந்தா நான் இங்கயே குடியிருந்துடுவேன்!"

அவள் நின்றாள். ரெஸ்டி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தாள். பேய் மாதிரி விரிப்பைப் போர்த்திக்கொண்டு, கையில் தொப்பியோடு, ஒரு கால் வீட்டைப் பார்த்தும் ஒரு கால் தெருவைப் பார்த்தும் நின்ற தன் தோழியை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை.

ஐந்தாவது அடியைப் பெட்ரோனிலா எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் ஓட்டம்தான்.

வேன் பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் அவள் விரிப்பை மடித்து மடியில் வைத்தாள். உள்ளே பள்ளிக்கூடச் சட்டையும் இருந்தது. அதையும் மடித்தாள். அப்போதுதான் பார்த்தாள், அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரெஸ்டி, உன் கையைக் காட்டு."

ரெஸ்டி நீட்டினாள். அதுவும் நடுங்கியது. பழைய வேன், அதில் நடுங்காத பொருளே இல்லை.

"எதுக்குக் கேக்கற?"

"எனக்கு நடுங்கறது வண்டியாலயா, வேற எதாலயான்னு தெரியலை."

"வண்டி நின்னா தெரிஞ்சிடுமே," என்று ரெஸ்டி டிரைவரைக் கூப்பிட வாயெடுத்தாள்.

பெட்ரோனிலா தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"ஏரி வர்ற வரைக்கும் நிறுத்தச் சொல்லாதே."