‘தாவல்’ ஜெயவேலு

மாடம்பாக்கம் ஜெயவேலுவுக்கு ‘தாவல்’ என்று பேர் வைத்தது நாங்கள்தான். நாலு தேர்தலுக்குள் மூன்று கட்சி பார்த்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருக்குக் கோபமே வராது. “போனா மாலை, திரும்பி வந்தா பெரிய மாலை. இதுல இன்னாடா தப்பு?” என்பார்.

வயலை விற்றுக் கட்டிய வீட்டின் மாடியை, தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு வெளிநாட்டு விமானிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பேர் நபீல். எண்பத்தாறில் அவன் நாட்டில் சண்டை முற்றியதும் அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். மனைவி சமீராவுக்கு நிறைமாதம், மாடியிலேயே தங்கிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் ‘வாங்க’, ‘போதும்’, ‘அண்ணா’, அவ்வளவுதான். பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு உலாத்தியவர் ஜெயவேலு. பெண் குழந்தை.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பேப்பரில் நாலு வரி வந்தது. குண்டு போடப் போன நபீல், போடாமல், விமானத்தோடு எதிரி நாட்டில் போய் இறங்கிவிட்டான்.

டீக்கடையில் நாங்கள் விடுவோமா? “அண்ணா, உன் வூட்டுத் தண்ணி குடிச்சான்ல, அவனும் தாவிட்டான்!”

ஜெயவேலுவும் சிரித்தார். “வுடுங்கடா. சண்டை முடிஞ்சா அவன் நாட்டுக்காரங்களே கூப்ட்டு சேத்துப்பாங்க.”

விமானப்படையில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான ஐசக் சார் கிளாஸைக் கீழே வைத்தார். “ஜெயவேலு, இது எலக்ஷன் இல்லப்பா. அவன் கைக்குச் சிக்கலன்னா பெண்டாட்டி புள்ளையப் புடிப்பாங்க. அந்தப் பொண்ண அனுப்பிடாத.”

அதோடு சிரிப்பு போயிற்று. டில்லியில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவள் இங்கேயே இருக்கலாம் என்று ஜெயவேலு கட்சி ஆபீஸ்களுக்கு அலைந்தார். பழைய கட்சியில், “நீதான் அங்க போய்ட்டியே, அங்க கேளு” என்றார்கள். புதுக் கட்சியில், “நாளைக்கு நீ எங்க இருப்பேன்னே தெரியல, உனக்காக நான் டில்லிக்குப் போன் போடணுமா?” என்று கேட்டார்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை அவள் நாட்டுத் தூதரகக் கார் வந்தது. கோட்டு போட்ட இருவர் அவள் பாஷையில் ஏதோ சொன்னார்கள். அங்கே ஊரில் இருக்கும் அவளுடைய அப்பா, அம்மா பேர்கள் மட்டும், குழந்தை பிறந்த தந்தியில் எழுதியிருந்ததால், எங்களுக்குப் புரிந்தன. சமீரா பெட்டி கட்டினாள். ஜெயவேலு வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நின்றார். அந்தக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, “போதும் அண்ணா” என்றாள்.

கார் போனபிறகுதான் படியில் அவள் விட்டுப்போன பிளாஸ்க் இருப்பதைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு டிவிஎஸ் ஐம்பதில் மீனம்பாக்கம் விரட்டினார், பின்னால் நான். ஏர்போர்ட் வாசலில் போலீஸ்காரர் மறித்தார்.

“அந்தம்மாவுக்கு நீ இன்னா வேணும்?”

மேடை ஏறினால் மூச்சுவிடாமல் பேசுகிற மனுஷன். “வூட்டு ஓனர் சார்” என்றார்.

“வாடகை பாக்கியா?”

“இல்ல சார்.”

“அப்புறம் இன்னாத்துக்கு வந்தே?”

“கொழந்தைக்கு வெந்நீர் சார்” என்று பிளாஸ்க்கை நீட்டினார். போலீஸ்காரர் வாங்கவில்லை.