மூன்று முறை கேட்டேன்

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. நடந்ததும் நடுராத்திரியில் இல்லை. காலை 10.17க்கு.

அன்று 6.10க்கு என் அலாரம் அடித்தது. 6.15க்கு அவளுடையது. இரண்டையும் நிறுத்தினேன். குளித்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். 7.40 பஸ்ஸைப் பிடித்தேன்.

நானும் என் மனைவியும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். அறுபது வருடப் பழைய தொலைநோக்கி. அதன் பெரிய கண்ணாடியைச் சுத்தம் செய்வது என் வேலை. அதை மூடியிருக்கும் குவிமாடம் எண்பது டன், சக்கரங்கள்மேல் சுழலும். ஏணியில் ஏறி அந்தச் சக்கரங்களுக்குக் கிரீஸ் வைப்பது அவள் வேலை. சுழற்றும் முன் கீழிருந்து மைக்கில் மூன்று முறை கேட்க வேண்டும், மேலே ஆள் இருக்கிறார்களா என்று. மேலே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் அது கேட்கும், அதன் வழியாகவே பதிலும் வரும். பதில் வராவிட்டால்தான் பொத்தானைத் தொடலாம்.

நான்கு மாதங்களுக்கு முன் அவள் மேலே இருக்கும்போதே தலைமைப் பொறியாளர் அழுத்திவிட்டார். அவள் அங்கேயே செத்துப்போனாள். 'மூன்று முறை கேட்டேன், பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுடைய கவனக்குறைவாம். கோப்பை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு குவிமாடத்தை முதல்முறையாகச் சுழற்றியது அன்றுதான். கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் கை நேராகப் பொத்தானுக்குப் போனது. நான் மைக்கை நீட்டினேன்.

"கேளுங்க சார்."

"மேல ஈ காக்கா இல்லப்பா."

"அன்னிக்குக் கேட்டீங்களே, அதே மாதிரி கேளுங்க."

"உனக்கு இன்னும் ஆறலையா?" சிரித்தார். கேட்டார்.

ஒருமுறை. அமைதி.

இரண்டாம் முறை. ஸ்பீக்கரில் கர்ர்... என்று ஓர் இரைச்சல்.

மூன்றாம் முறை. மூச்சு. ஏணியில் நிற்பவர்கள் வாங்கும் மூச்சு... எனக்குக் கேட்டது அவ்வளவுதான்.

அவர் முகம் வெளிறியது.

"அதையே சொல்றா..."

"எதை?"

அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன்.

"எதைய்யா சொல்றா?"

சொன்னான். அன்றும் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். "குவிமாடம் சுத்தறதப் பாக்க விருந்தாளிங்க காத்துட்டு இருந்தாங்க... எறங்கியிருப்பான்னு நெனச்சேன்."

மேலே ஓடினேன். ஸ்பீக்கர் பெட்டி இல்லை. அவள் செத்த மறுநாளே கழற்றிவிட்டார்களாம். அறுந்த கம்பிதான் தொங்கியது. அதன் நுனியில் கிரீஸ்... காயாத கிரீஸ்.

நான்கு மாதமாக நான் ஏங்கிய குரல், கொன்றவன் காதில்தான் விழுந்தது. எனக்கு இல்லை. அவன் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன், அவள் கடைசியாகச் சொன்னதை.

"இருக்கேன் சார். ஒரே நிமிஷம், இதோ எறங்கிடறேன்."